நீதிமன்றத்தின் எல்லையும் நம் உரிமையும்

நம் நாட்டுச் சிற்றூர்களில் எதற்கும் ஓர் எல்லை உண்டு. ஊருக்கு எல்லை உண்டு. சேரிக்கு எல்லை உண்டு. தேர் எதுவரை வரும், பிணம் எவ்வழியே போகும், குடம் எந்தக் கிணற்றில் இறங்கும் என்பனவற்றுக்கெல்லாம் எல்லை வகுத்துவைத்தார்கள். அவ்வெல்லைகளை வகுத்தவர்கள் நாம் அல்லர். ஆனால் அவற்றின் கொடுமையைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கியவர்கள் நாமே. ஆகவே எல்லை என்னும் சொல்லின் பொருளை நம் இளைஞர்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

நீதிமன்றத்துக்கும் எல்லை உண்டு என்பதே இக்கட்டுரையின் பொருளாகும். சட்ட நூலோர் அதனை அதிகார வரம்பு என்பர். ஒருவனுக்கு உரிமை இருக்கலாம். அவ்வுரிமை பறிக்கப்பட்டதற்குச் சான்றும் இருக்கலாம். ஆயினும் அவன் தட்டிய கதவு உரிய கதவு அன்று எனில் அவன் வெறுங்கையோடு திரும்ப நேரும். இத்தகைய ஒரு வழக்கு நம் சென்னை மாநிலத்தில், அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த மூன்றாண்டுகளுக்குள்ளேயே நிகழ்ந்தது. சட்டமன்றத்தில் ஒதுக்கப்பட்ட இடத்தில் வென்று வந்த ஓர் உறுப்பினரே அவ்வழக்கைத் தொடுத்தவர். அவ்வழக்கின் முடிவு பின்னாளில் அரசியலமைப்புச் சட்டத்தையே திருத்தும் நிலைக்குக் கொண்டுசென்றது. சட்டக் கல்லூரிகளில் பயில்வோர் மட்டுமே அறிந்துள்ள இவ்வரலாற்றை நம் மக்கள் அனைவரும் அறிதல் வேண்டும்.

மொபசல் மக்களுக்கு மூடியிருந்த கதவு

சென்னை உயர் நீதிமன்றம் 1862ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அதற்கு முன்பு, 1801 முதல், கும்பினி ஆட்சியில் சென்னைப் பட்டணத்தில் ‘சுப்ரீம் கோர்ட்’ என்னும் பெயரால் ஒரு நீதிமன்றம் இயங்கிற்று. அரசு அலுவலரும் வாரியங்களும் வரம்பு மீறும்போது அவர்களைத் தடுத்து நிறுத்தும் பேராணைகளைப் பிறப்பிக்கும் ஆற்றல் அதற்கு இருந்தது. அந்த ஆற்றலையே புதிய உயர் நீதிமன்றமும் மரபுரிமையாகப் பெற்றது. ஆனால் மரபுரிமையோடு பழைய எல்லையும் உடன் வந்தது. அப்பழைய நீதிமன்றத்தின் கை பட்டணத்துக்குள் நீளும். பட்டணத்துக்கு வெளியே மொபசலில், அக்காலப் பொருளில் பிரிட்டிஷ் பிரஜைகள் எனப்பட்டோர் அளவில் மட்டுமே நீளும். வெள்ளையர் எங்கிருப்பினும் அந்நீதிமன்றம் அவரைத் தேடிச் செல்லும். கள்ளக்குறிச்சியிலும் கஞ்சத்திலும் உழுதுகொண்டிருந்த குடியானவனைத் தேடி அது வாராது.

இவ்வெல்லை எத்துணை வலியது என்பது 1943இல் வெளிப்பட்டது. சென்னை மாகாணத்தின் வடகோடியில் இருந்த கஞ்சம் மாவட்டத்துப் பர்லாக்கிமிடி ஜமீனில் கரபந்தோ முதலிய கிராமங்களின் குடிகள், ஜமீன்தாருக்குச் செலுத்த வேண்டிய வாரத்தை வருவாய் வாரியம் 1936இல் உயர்த்தியதை எதிர்த்து வழக்காடினர். அந்த ஆணையை நீக்கும் பேராணை வேண்டிச் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினர். அங்கே தோற்றனர். இலண்டனில் இருந்த பிரிவுக் கவுன்சில் வரை சென்றனர். அக்கவுன்சிலோ, பட்டணத்துக்கு வெளியேயுள்ள குடிகளுக்கும் ஜமீன்தாருக்கும் இடையிலான இவ்விவகாரத்தில் பேராணை பிறப்பிக்கும் அதிகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு இல்லவே இல்லை என்று தீர்ப்பளித்தது. வருவாய் வாரியத்தின் அலுவலகம் சென்னைப் பட்டணத்திலேயே இருந்தது என்பதும் அக்குடிகளுக்கு உதவவில்லை.

வாரம் நியாயமானதா, வாரியம் சட்டப்படி நடந்ததா என்பவை முடிவான கேள்விகளாக ஆகவில்லை. நீதிமன்றத்தின் கை அவ்வளவு தொலைவு நீளாது என்பதே முடிவாயிற்று. மாகாணத்தின் மிகப் பெரும்பான்மை மக்கள் பட்டணத்துக்கு வெளியே வாழ்ந்தவர்கள். அவர்களுக்கு இத்தீர்ப்பின் பொருள் யாது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இந்நிலையை மாற்றியது 1950 சனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டமே. அண்ணல் அம்பேத்கர் அவர்கள் தலைமையேற்ற வரைவுக் குழு உருவாக்கிய அச்சட்டத்தின் 226ஆவது பிரிவு, ஒவ்வோர் உயர் நீதிமன்றமும் தன் ஆட்சி எல்லை முழுவதிலும் பேராணைகளைப் பிறப்பிக்கலாம் என்றது. பட்டணத்துக்கு ஒரு நீதி, மொபசலுக்கு ஒரு நீதி என்னும் வேறுபாடு ஒழிந்தது. அடிப்படை உரிமைகளுக்காக உச்ச நீதிமன்றத்தையே நேரில் அணுகும் வழியை 32ஆவது பிரிவு திறந்துவைத்தது. அப்பிரிவையே அரசியலமைப்பின் உயிர் என்று அண்ணல் போற்றினார். உரிமையை ஏட்டில் எழுதினால் போதாது, அதனைக் கேட்டுப் பெறும் வாயிலையும் அமைக்க வேண்டும் என்பதை அவர் தம் வாழ்வாலும் கல்வியாலும் நன்குணர்ந்திருந்தார்.

ஆயினும் 226ஆவது பிரிவில் இரண்டு எல்லைகள் எஞ்சி நின்றன. பேராணை அந்த உயர் நீதிமன்றத்தின் ஆட்சி எல்லைக்குள் செல்லுவதாக இருத்தல் வேண்டும் என்பது ஒன்று. எவருக்கு எதிராகப் பேராணை கோரப்படுகிறதோ அவரும் அந்த எல்லைக்குள் இருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டாவது எல்லையிலேதான் காக்கிநாடா வழக்கு வந்து முட்டியது.

காக்கிநாடா உறுப்பினரின் வழக்கு

அக்காலத்தில் ஆந்திரப் பகுதிகளும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்திருந்தன. 1953 அக்டோபர் முதல் நாளன்றே அவை பிரிந்து தனி மாநிலமாயின. 1952ஆம் ஆண்டில் காக்கிநாடாத் தொகுதியில் ஒதுக்கப்பட்ட இடம் ஒன்றுக்குத் தேர்தல் நடைபெற்றது. சாகா வெங்கட சுப்பாராவ் என்பவர் அதில் போட்டியிட முன்வந்தார்.

அவருக்கு ஓர் இடையூறு இருந்தது. 1942இல் கிழக்குக் கோதாவரி செஷன்ஸ் நீதிமன்றம் அவருக்கு ஏழாண்டுக் கடுங்காவல் தண்டனை விதித்திருந்தது. நாடு விடுதலை பெற்ற 1947 ஆகஸ்டு 15ஆம் நாளன்று, அவ்விழாவை ஒட்டி, அவர் விடுவிக்கப்பட்டார். இரண்டாண்டுக்குக் குறையாத தண்டனை பெற்றவர், விடுதலையான நாளிலிருந்து ஐந்தாண்டுகள் கழியுமுன் சட்டமன்ற உறுப்பினராக இருத்தல் ஆகாது என்று 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் கூறிற்று. அந்த ஐந்தாண்டு நிறைவுற இன்னும் சில திங்களே இருந்தன. தகுதியிழப்பை நீக்கும் அதிகாரம் தேர்தல் ஆணையத்துக்கு உண்டு. ஆகவே அவர் ஆணையத்துக்கு விண்ணப்பம் அனுப்பினார். மறுமொழி வாராமையால், 1952 மே 5ஆம் நாள், வேட்பு மனுவுக்கான கடைசி நாளன்று, மனுவைக் கொடுத்துவிட்டார். எவரும் அதனை எதிர்க்கவில்லை. விண்ணப்பத்தை மறுத்து ஆணையம் அனுப்பிய மடல் தம்மை வந்தடையவில்லை என்பது அவர் கூற்று. சூன் திங்களில் அவர் வெற்றி பெற்றார். உறுதிமொழி ஏற்றுச் சட்டமன்றத்தில் அமர்ந்தார்.

அமர்ந்த சில நாட்களுக்குள், சூலை 3ஆம் நாள், ஆணையத்திடமிருந்து வந்த அறிவிப்பைப் பேரவைத் தலைவர் அவையில் படித்தார். இவ்வுறுப்பினர் தகுதியற்றவர் என்பதே அதன் சாரம். ஆளுநர் இதுபற்றி ஆணையத்தின் கருத்தைக் கேட்டார். தேர்தல் ஆணையர் தில்லியிலிருந்து சென்னைக்கு வந்து, ஆகஸ்டு 21ஆம் நாள் இருதரப்பு வாதங்களையும் கேட்டார். அதே நாளில் திரு. சாகா சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகி, இவ்விசாரணையைத் தடுக்கும் தடைப் பேராணை வேண்டினார்.

அவருடைய வாதம் எளிமையானது. உறுப்பினர் ஆனபின் ஒருவருக்குத் தகுதியிழப்பு நேர்ந்தால் மட்டுமே ஆளுநரும் ஆணையமும் அதனை ஆராயலாம். தேர்தலுக்கு முன்பே இருந்த குறையை ஆராய்வதற்கு வேறு வழி உண்டு. அது தேர்தல் மனு. அத்தகைய மனுவை எவரும் போடவில்லை. ஆகவே தம்மை விசாரிக்க ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்றார். ஆணையத்தின் மறுப்போ வேறு திசையில் சென்றது. தேர்தல் ஆணையம் தில்லியில் நிலைபெற்றது. சென்னை உயர் நீதிமன்றத்தின் பேராணை தில்லிக்குச் செல்லாது என்றது.

வழக்கை விசாரித்த நீதியரசர் கோகா சுப்பாராவ் ஆணையத்தின் மறுப்பைத் தள்ளினார். உறுப்பினரின் வாதத்தை ஏற்றார். தடைப் பேராணை பிறப்பித்தார். ஆணையம் நேரே உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்தது.

1953 பிப்ரவரி 27ஆம் நாள் தீர்ப்பு

தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி, தாமும் முன்னர்ச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக விளங்கியவர், தீர்ப்பை வழங்கினார். அத்தீர்ப்பில் இரண்டு முடிவுகள் உள்ளன. அவற்றைத் தனித்தனியே நோக்குதல் வேண்டும்.

முதல் முடிவு எல்லையைப் பற்றியது. உயர் நீதிமன்றத்தின் பேராணை அதன் எல்லைக்கு அப்பால் செல்லாது. தில்லியில் நிலையாக இயங்கும் ஓர் ஆணையம், சென்னைக்கு வந்து ஒருநாள் விசாரணை நடத்தியதனாலோ, அதன் செயல் சென்னையிலுள்ள ஒருவரின் உரிமையைத் தொட்டதனாலோ, சென்னை எல்லைக்குள் வந்துவிட்டதாகக் கருத முடியாது. மக்கள் தில்லி ஆட்சி எல்லைக்குரிய உயர் நீதிமன்றத்துக்கு அவ்வளவு தொலைவு செல்ல வேண்டுமே, அது பெருந்தொல்லை அன்றோ என்று வாதிடப்பட்டது. சட்டத்தின் சொற்கள் தெளிவாக இருக்கையில் தொல்லையைக் காட்டி அவற்றை விரிக்கலாகாது என்று நீதிமன்றம் விடை பகர்ந்தது.

இரண்டாம் முடிவு உரிமையைப் பற்றியது. அதில் உச்ச நீதிமன்றம் திரு. சாகாவின் பக்கமே நின்றது. தேர்தலுக்கு முன்பே இருந்த தகுதியிழப்பை விசாரிக்க ஆளுநருக்கோ ஆணையத்துக்கோ அதிகாரம் இல்லை என்று நீதியரசர் சுப்பாராவ் கூறியது சரியே என்று அது உறுதி செய்தது. எனினும் பேராணையை நீக்கிவிட்டது.

ஆகவே அவர் உரிமையில் வென்றார், எல்லையில் தோற்றார். ஆணையம் செய்தது தவறு என்று நாட்டின் தலைசிறந்த நீதிமன்றமே சொல்லிற்று. ஆனால் அத்தவற்றைத் தடுக்கும் கை சென்னை நீதிமன்றத்துக்கு இல்லை என்றும் சொல்லிற்று. இத்தீர்ப்பு ஒரு தனி மனிதரோடு முடிந்துவிடவில்லை. நடுவணரசின் துறைகளும் ஆணையங்களும் பெரும்பாலும் தில்லியில் உள்ளவை. தூத்துக்குடியில் வேலையிழந்த இரயில்வே ஊழியரானாலும், கல்வராயன் மலையடிவாரத்தில் உதவித்தொகை மறுக்கப்பட்ட மாணவரானாலும், தில்லியிலிருந்து வந்த ஆணையை எதிர்க்க வேண்டின் தில்லிக்கே செல்ல வேண்டும் என்னும் நிலை ஏற்பட்டது. தில்லிக்கெனத் தனி உயர் நீதிமன்றம் 1966 வரை இல்லை. பஞ்சாப் உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குள்ளேயே தில்லி அடங்கியிருந்தது. இரயில் கட்டணத்துக்கே வழியில்லாத ஏழைக்கு இது கதவைச் சாத்தியதற்கு ஒப்பாகும்.

அமெரிக்க நாட்டு வரலாறு தரும் ஒப்புமை

உரிமை உண்டு, அதிகாரம் இல்லை என்னும் இத்தகைய தீர்ப்பு உலகுக்குப் புதிதன்று. ஐக்கிய அமெரிக்க நாட்டில் 1803ஆம் ஆண்டில் மார்பரி என்பவரின் வழக்கில் இதுவே நிகழ்ந்தது. முந்தைய குடியரசுத் தலைவர் ஆடம்ஸ், மார்பரியை ஒரு நீதிப் பதவியில் அமர்த்தினார்; நியமன மடல் கையெழுத்தாகி முத்திரையும் இடப்பெற்றது; ஆனால் உரியவர் கையில் சேர்க்கப்படவில்லை. புதிய ஆட்சியின் செயலரான மாடிசன் அதனைத் தர மறுத்தார். மார்பரி நேரே உச்ச நீதிமன்றத்தை அணுகினார். தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், மார்பரிக்குப் பதவியில் உரிமை உண்டு என்றார். அதனை மறுத்தது தவறு என்றார். ஆயினும் இவ்வழக்கை முதன்முதலில் விசாரிக்கும் அதிகாரம் தம் நீதிமன்றத்துக்கு அரசியலமைப்பால் தரப்படவில்லை என்றும், அவ்வதிகாரத்தைத் தர முற்பட்ட 1789ஆம் ஆண்டுச் சட்டப் பகுதி செல்லாது என்றும் முடித்தார். மார்பரி பதவி பெறவில்லை. சட்டமன்றத்தின் சட்டத்தையும் நீதிமன்றம் செல்லாதென அறிவிக்கலாம் என்னும் கொள்கையோ நிலைபெற்றது.

அதற்குப் பத்தாண்டு முன்னர், 1793இல், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வேறொரு எல்லையைத் திறந்தது. விடுதலைப் போரின்போது ஜார்ஜியா மாநிலத்துக்குப் பொருள் விற்ற ஒருவருக்குரிய பணத்தை, அவருடைய உயில் நிறைவேற்றாளரான சிஷோம் கோரினார். அவர் தென் கரோலினாவைச் சேர்ந்தவர். தன்னை ஒரு தனியாள் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது என்று கூறி ஜார்ஜியா வழக்கில் தோன்ற மறுத்தது. முடியும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநிலங்கள் வெகுண்டன. இரண்டே ஆண்டுகளில், 1795இல், பதினோராவது திருத்தம் நிறைவேறி அக்கதவை மூடிற்று. அங்கே நீதிமன்றம் திறந்த வாயிலைத் திருத்தம் மூடியது. இங்கே நீதிமன்றம் மூடிய வாயிலைத் திருத்தம் திறந்தது. இவ்வேறுபாட்டை நம் இளைஞர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

இனி, நம்மவர் நெஞ்சைத் தொடவேண்டிய வழக்கு ஒன்று உண்டு. அது 1857 மார்ச்சு 6ஆம் நாள் முடிந்த டிரெட் ஸ்காட்டின் வழக்கு. அவர் மிசௌரி மாநிலத்தில் அடிமையாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மனிதர். அடிமை முறை இல்லாத இல்லினாய் மாநிலத்திலும் வடபகுதி ஆட்சி நிலத்திலும் ஆண்டையோடு வாழ்ந்தமையால் தாம் விடுதலை பெற்றவர் என்று வாதாடினார். ஒரு மாநிலத்துக் குடிமகன் மற்றொரு மாநிலத்துக் குடிமகன்மீது தொடுக்கும் வழக்கை விசாரிக்கும் அதிகாரம் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கு உண்டு. தலைமை நீதிபதி டேனி அளித்த தீர்ப்போ, ஆப்பிரிக்க அடிமைகளின் வழித்தோன்றல் எவரும் அரசியலமைப்பின் பொருளில் குடிமகன் ஆகார். ஆகவே இவ்வழக்கை விசாரிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்றது. உள்நாட்டுப் போர் மூண்டு, அடிமை முறை 1865இல் ஒழிந்து, 1868இல் பதினான்காவது திருத்தம் குடியுரிமையை உறுதி செய்த பின்னரே அத்தீர்ப்பு அழிந்தது. அந்நாட்டு மக்கள் அடிமை முறையை ஒழித்ததைப் போற்றியே, மகாத்மா சோதிராவ் புலே 1873இல் வெளியிட்ட தம் ‘குலாம்கிரி’ நூலை அவர்களுக்கு உரிமையாக்கினார்.

அதிகார வரம்பு என்பது வக்கீல்களின் நுணுக்கச் சொல் மட்டும் அன்று என்பதற்கு டிரெட் ஸ்காட் வழக்கே சான்று. நீ யார், எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டு வாயிலிலேயே நிறுத்திவிடுவதற்கும் அச்சொல் பயன்பட்டிருக்கிறது. காக்கிநாடா வழக்கில் அத்தகைய இழிவு இல்லை. அங்கே நீதிமன்றம் நிலத்தின் எல்லையைப் பார்த்ததே அன்றி மனிதனின் பிறப்பைப் பார்க்கவில்லை. இருப்பினும் தொலைவு என்பது ஏழைக்கும் செல்வருக்கும் ஒன்றன்று. செல்வர் தில்லிக்கு ஒரு வழக்கறிஞரை அமர்த்துவார். நம்மவர் வீட்டுக்குத் திரும்புவார்.

1963ஆம் ஆண்டுத் திருத்தம்

காக்கிநாடா வழக்கின் தீர்ப்பைப் பின்னர் ஒரு பெரிய ஆயமும் ஆய்ந்தது. காசுமீரத்தைச் சேர்ந்த கஜூர் சிங் என்னும் படை அலுவலர், தம்மைப் பணியிலிருந்து விடுவித்த தில்லி ஆணையை எதிர்த்துத் தம் மாநில உயர் நீதிமன்றத்தை அணுகியிருந்தார். 1961ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் வெளிவந்துள்ள அத்தீர்ப்பில், உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மையினர் பழைய தீர்ப்பையே உறுதி செய்தனர். அப்போது உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்திருந்த நீதியரசர் சுப்பாராவ், சென்னையில் 1952இல் தாம் கொண்ட கருத்தினின்றும் வழுவாது, மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். அவரே பின்னர் 1966இல் இந்தியாவின் தலைமை நீதிபதியானார்.

நீதிமன்றத்தால் இயலாததை நாடாளுமன்றம் செய்தது. 1963 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பதினைந்தாவது திருத்தம், 226ஆவது பிரிவில் ஒரு புதிய உட்பிரிவைச் சேர்த்தது. வழக்குக்கான காரணம் முழுவதுமாகவோ ஒரு பகுதியாகவோ எந்த உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குள் எழுந்ததோ, அந்த உயர் நீதிமன்றமே, அரசின் இருக்கை எங்கிருப்பினும், அதற்குப் பேராணை அனுப்பலாம் என்பது அதன் கருத்து. முதலில் அது (1அ) என்னும் எண் பெற்றிருந்தது. 1976ஆம் ஆண்டின் நாற்பத்திரண்டாவது திருத்தத்துக்குப் பின் 226ஆவது பிரிவின் (2)ஆம் உட்பிரிவாக விளங்குகிறது.

இத்திருத்தத்தின் அருமையை எண்ணிப் பாருங்கள். அதிகாரி எங்கே இருக்கிறார் என்பது அதுவரை கேள்வியாக இருந்தது. துன்பம் எங்கே நேர்ந்தது என்பது அதன் பின்னர்க் கேள்வியாயிற்று. ஆள்வோரின் இருக்கையை விட்டு அடிபட்டவனின் இருப்பிடத்தை நோக்கி நீதியின் பார்வை திரும்பிற்று.

நம் பகுதியும் இவ்வரலாறும்

தில்லியும் காக்கிநாடாவும் நமக்கென்ன என்று எவரேனும் வினவலாம். 2024ஆம் ஆண்டை நினைத்தால் அவ்வினா எழாது. அவ்வாண்டு சூன் திங்களில் நம் கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. பெரும்பாலோர் அன்றாடம் கூலி வேலை செய்து குடும்பம் காத்தவர்கள். அத்துயரத்தை இங்கு விரித்துரைக்க வேண்டா. அது நம் தெருக்களில் எழுதப்பட்டிருக்கிறது. அதன்பின் எழுந்த சட்டக் கேள்வியே இங்கு நோக்கத்தக்கது. புலனாய்வு மாநிலக் காவல் துறையிடம் இருக்க வேண்டுமா, நடுவண் புலனாய்வு நிறுவனத்திடம் செல்ல வேண்டுமா என்பதே அக்கேள்வி. 2024 நவம்பர் 20ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை நடுவண் புலனாய்வு நிறுவனத்துக்கு மாற்றியது. மாநில அரசின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பர் 17ஆம் நாள் ஏற்க மறுத்தது.

ஒரு நடுவண் நிறுவனம் மாநில எல்லைக்குள் வந்து புலனாய்வதற்குப் பொதுவாக மாநில அரசின் இசைவு வேண்டும். அவ்விசைவு இன்றியும் உயர் நீதிமன்றம் 226ஆவது பிரிவின்படி அவ்வாறு ஆணையிடலாம் என்று, மேற்கு வங்கத்தில் எழுந்த ஒரு வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு ஆயம் 2010இல் தீர்ப்பளித்திருந்தது. 1943இல் பர்லாக்கிமிடிக் குடிகளுக்கு எட்டாதிருந்த கை, 2024இல் கருணாபுரம் வரை எட்டியது. இடையில் நிகழ்ந்த மாற்றம் முழுவதும் அந்த ஒரே பிரிவின் வரலாற்றில் அடங்கியிருக்கிறது.

கல்வராயன் மலைவாழ் மக்களின் நிலைபற்றியும் அதே 2024ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கு எடுத்துக்கொண்டது. சாலையும் மருத்துவ வசதியும் அரசின் உதவிகளும் மலைமேல் சென்று சேர்ந்தனவா என்று அது வினவத் தொடங்கிற்று. நெடுங்காலம் ஜாகீர்தார்களின் ஆட்சியில் ஒதுங்கிக் கிடந்த அம்மலை மக்களின் பெயரால் நாட்டின் பெரிய நீதிமன்றம் ஒன்று தானே கேள்வி எழுப்பியது சிறு செய்தி அன்று.

ஆயினும் நாம் மயங்கிவிடலாகாது. நீதிமன்றத்தின் கை எட்டுவதும் நீதி கிட்டுவதும் ஒன்றல்ல. வழக்கு மாற்றப்பட்டதனால் இறந்தோர் மீளார். தந்தையையும் தாயையும் இழந்த பிள்ளைகளின் கல்வி தானே நடந்துவிடாது. வாயில் திறந்திருப்பினும் உள்ளே சென்று பேசுவதற்கு அறிவும் துணிவும் துணையும் வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கல்விச் சங்கம் செய்துவரும் பணியின் பொருள் இதுவேயாகும்.

இளைஞர்கள் அறிந்துகொள்ளத் தக்கவை

முதலாவது, எங்கே செல்வது என்பதை அறிதல். நம் மாவட்டம் சென்னையிலுள்ள உயர் நீதிமன்றத் தலைமை இருக்கையின் எல்லைக்குள் அடங்கியது. 2004இல் தொடங்கிய மதுரைக் கிளையின் எல்லைக்குள் அடங்கியதன்று. நடுவணரசின் செயலால் நம் பகுதியில் ஒருவருக்குத் தீங்கு நேரின், 226ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவைக் கொண்டு சென்னையிலேயே வழக்காடலாம்.

இரண்டாவது, ‘எங்கள் எல்லை அன்று’ என்னும் சொல்லுக்கு அஞ்சாமை. வன்கொடுமைக்கு ஆளானவர்களை ஒரு காவல் நிலையத்திலிருந்து மற்றொரு காவல் நிலையத்துக்கு அலைக்கழிக்கும் வழக்கத்தை நம்மில் அறியாதார் இல்லை. 2024 சூலை முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த குற்ற நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவு, பிடியாணை இன்றிக் கைது செய்தற்குரிய குற்றம்பற்றிய தகவலை, குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருப்பினும், எந்தக் காவல் நிலையத்திலும் தரலாம் என்கிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமோ, கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு அலுவலரையும் தண்டிக்க இடமளிக்கிறது.

மூன்றாவது, பணமில்லை என்று பின்வாங்காமை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பட்டியல் இனத்தவரும் பழங்குடியினரும் தம் வருமானம் எவ்வளவாயினும் இலவச சட்ட உதவி பெறும் உரிமை உடையர். மாவட்ட ஆணைக்குழுவுக்கும் வட்டக் குழுவுக்கும் ஒரு விண்ணப்பம் எழுதத் தெரிந்த இளைஞர் தெருவுக்கு ஒருவராவது இருத்தல் வேண்டும்.

நான்காவது, காலத்தையும் தாளையும் பேணுதல். காக்கிநாடா வழக்கின் வாதம் முழுவதும் நாள்களைப் பற்றியே நின்றது: விடுதலையான நாள், விண்ணப்பித்த நாள், மனுக் கொடுத்த நாள், மறுப்பு மடல் எழுதப்பட்ட நாள். அனுப்பிய மனுவின் படியையும் அஞ்சல் இரசீதையும் பாதுகாத்து வைத்தல் சிறு வேலையாகத் தோன்றும். வழக்கு வந்தபின் அதுவே பெருந்துணையாகும்.

காக்கிநாடா உறுப்பினருக்கு அவர் வழக்கால் பேராணை கிடைக்கவில்லை. ஆனால் அவர் கேட்டதனாலேயே ஒரு குறை வெளிப்பட்டது. குறை வெளிப்பட்டதனாலேயே பத்தாண்டில் சட்டம் திருந்தியது. அத்திருத்தத்தின் பயனை இன்று நாடு முழுவதும் உள்ள எளியோர் துய்க்கின்றனர். தோற்ற வழக்கும் சில வேளைகளில் பின்வருவோர்க்கு வழியாகும். நம் பிள்ளைகள் சட்டம் பயில வேண்டும், வழக்கறிஞராக வேண்டும், நீதிபதிகளாகவும் அமர வேண்டும். அதுவரையில், நியாயம் உள்ள இடத்தில் கேட்பதை நிறுத்தாதிருப்போமாக.